யாருடைய ரத்தம் யாருக்குச் சேரும்? ரத்த வகைப் பொருத்தம் குறித்த எளிய விளக்கம்

தொப்பூர் கணவாயில் ஒரு விபத்து நடந்தாலும், பாலக்கோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு மிகுந்தாலும், சிறிது நேரத்திற்குள் 'ரத்தம் அவசரத் தேவை' என்ற செய்தி கைப்பேசிகளில் பரவிவிடுகிறது. அதைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடிவரும் இளைஞர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். அந்த மனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் ரத்த வகையைப் பற்றி இதே மாவட்டங்களில் வழங்கும் கருத்துகளில் பல தவறானவை. சொந்தக்காரர் ரத்தம்தான் உடம்புக்குச் சேரும் என்கிறார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வகை இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்தாலும் ரத்த வகை வேறாக இருந்தால் பயமில்லை என்கிறார்கள். சிறுநீரகம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் உட்பட எல்லாம் ஒத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

இந்தத் தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். 'இருவர் ரத்தமும் ஒன்றுபோல இருக்கிறதா?' என்று நாம் கேட்கிறோம். மருத்துவர் கேட்பது வேறு கேள்வி: கொடுப்பவரின் உயிரணுக்கள் மீதுள்ள ஏதேனும் ஒரு பொருளைத் தாக்கக்கூடிய எதிர்ப்பு, பெறுபவரின் உடலில் இருக்கிறதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ரத்தம் ஏற்றுவதன் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உறுப்பு மாற்று சிகிச்சையின் விதிகளில் பெரும்பகுதியும் இதிலிருந்தே விளங்கும்.

குறியும் காவலும்

மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நான்கு மண்டிகள் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் மண்டியின் பெட்டிகளில் சிவப்புக் குறி, இரண்டாவதில் பச்சைக் குறி, மூன்றாவதில் இரு குறிகளும் உண்டு. நான்காவது மண்டியின் பெட்டிகளில் எந்தக் குறியும் இல்லை. ஒவ்வொரு மண்டியின் வாசலிலும் நிற்கும் காவலர், தம் மண்டியில் வழங்காத குறியைக் கண்டால் அந்தப் பெட்டியை உள்ளே விடமாட்டார். குறியே இல்லாத பெட்டியைத் தடுக்க எவருக்கும் காரணமில்லை என்பதால் அது நான்கு மண்டிகளுக்குள்ளும் போகும். ஆனால் குறியில்லாத மண்டியின் காவலருக்குச் சிவப்பும் அந்நியம், பச்சையும் அந்நியம். ஆகவே அவர் தம் மண்டிப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டார்.

நம் ரத்தத்தில் பெட்டிகளின் இடத்தில் இருப்பவை சிவப்பணுக்கள். அவற்றின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சிறு சங்கிலிகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் பொதுவான அடிச்சங்கிலி ஒன்று உண்டு. அதற்கு எச் என்று பெயர். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை சேர்ந்தால் ஏ, சற்றே வேறுபட்ட இன்னொரு சர்க்கரை சேர்ந்தால் பி, சிலவற்றில் ஒன்றும் சிலவற்றில் மற்றொன்றுமாகச் சேர்ந்தால் ஏபி, எதுவும் சேராமல் வெறும் எச் மட்டும் நின்றால் ஓ. உடலின் எதிர்ப்பைத் தூண்டவல்ல இத்தகைய குறிக்கு ஆன்டிஜென் என்று பெயர். அந்தக் குறியைத் தேடிப் பற்றிக்கொள்ளும், ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மிதக்கும் புரதத்திற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். இந்தக் கட்டுரைக்கு இன்றியமையாத சொற்கள் இவ்விரண்டே.

பிறர் ரத்தத்தை ஒருபோதும் பெற்றிராத ஒருவரிடம் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். நம் குடலில் வாழும் பல பாக்டீரியாக்களின் மேலும் ஏ, பி குறிகளை ஒத்த சர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தை பிறந்த சில மாதங்களில் அவை குடலில் குடியேறியதும், தனக்குச் சொந்தமில்லாத சர்க்கரைக்கு எதிராக உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் ஏ வகையினரிடம் பி-க்கு எதிரானதும், பி வகையினரிடம் ஏ-க்கு எதிரானதும், ஓ வகையினரிடம் இரண்டுக்கும் எதிரானதும் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஏபி வகையினரிடம் இவ்விரண்டும் இல்லை.

வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவ ஆய்வாளர், தம் ஆய்வகத்தில் இருந்தவர்களின் ரத்தத்தைச் சிவப்பணுவாகவும் நீர்ப்பகுதியாகவும் பிரித்து, ஒருவருடையதை மற்றவருடையதுடன் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, 1901-இல் தாம் கண்டதை வெளியிட்டார். சில சேர்க்கைகளில் அணுக்கள் கட்டியாகத் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. அதுவரை மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றியபோது சிலர் பிழைத்ததற்கும் சிலர் இறந்ததற்கும் காரணம் அங்கே தெரிந்தது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொருந்தாத சிவப்பணு உடலுக்குள் சென்றால் நடப்பது மிகக் கொடியது. பெறுபவரின் எதிர்ப்பொருள் உடனே அந்த அணுக்களைப் பற்றிக்கொள்ள, அவை ரத்தக் குழாய்களுக்குள்ளேயே வெடித்துச் சிதைகின்றன. வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது; ரத்த அழுத்தம் சரிகிறது; உறைதல் முறையே குலைந்துவிடுகிறது. குளிர்நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது ஆகியவை இதன் அடையாளங்கள். முழுப் பை ஏற வேண்டியதில்லை. சிறிதளவு சென்றாலே ஆபத்துதான். ரத்தம் ஏறத் தொடங்கிய முதல் கால்மணி நேரம் செவிலியர் நோயாளியை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

இதுவரை கண்டதைத் தொகுத்தால்: வகை என்பது சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைக் குறி. நம்மிடம் இல்லாத குறிக்கு எதிரான எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலேயே நம்மிடம் உருவாகிவிடுகிறது. ஓ வகைச் சிவப்பணு ஏறக்குறைய எவருக்கும் சேரும். ஓ வகையினருக்கோ ஓ மட்டுமே சேரும்.

பிளாஸ்மாவில் விதி திரும்புகிறது

'ஓ வகைக்காரர் எல்லாருக்கும் கொடுக்கலாம்' என்ற வாக்கியம் பாதி உண்மை மட்டுமே. ஒருவர் கொடுக்கும் 350 மில்லி ரத்தம் இன்று பெரும்பாலும் அப்படியே ஒருவருக்கு ஏற்றப்படுவதில்லை. சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்பட்டு மூன்று நோயாளிகளுக்குப் பயன்படலாம். பிளாஸ்மா என்பது எதிர்ப்பொருள்கள் மிதக்கும் அந்த நீர்ப்பகுதிதான். மண்டி உவமையில் சொன்னால், இங்கே நாம் அனுப்புவது பெட்டிகளை அல்ல, காவலரை. ஓ வகையினரின் பிளாஸ்மாவில் இரு எதிர்ப்பொருள்களும் இருப்பதால் அது ஓ வகையினருக்கு மட்டுமே பாதுகாப்பானது. ஏபி வகையினரின் பிளாஸ்மாவில் இரண்டுமே இல்லாததால் அதை எவருக்கும் கொடுக்கலாம். ஏபி வகையினர் தங்கள் ரத்தம் யாருக்கும் அதிகம் உதவாது என்று எண்ணிக் கொடையாளர் வரிசையில் பின்னால் நின்றுவிடக் கூடாது.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது என்ன?

1940-இல் லாண்ட்ஸ்டைனரும் வீனர் என்பவரும் அறிவித்த ஆர்எச் என்ற மற்றொரு வகைமுறையில் முதன்மையானது டி என்னும் ஆன்டிஜென். இது சர்க்கரை அல்ல, புரதம். டி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேரே நெகட்டிவ்.

ஏ, பி குறிகளிலிருந்து டி ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகிறது. குடல் பாக்டீரியாக்களின் மேல் டி இல்லை. ஆகவே நெகட்டிவ் வகையினரிடம் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாக இருப்பதில்லை. பாசிட்டிவ் அணுக்களை ஒருமுறை எதிர்கொண்ட பிறகே உருவாகும். முதல் சந்திப்பில் உடல் கற்றுக்கொள்கிறது, அடுத்த சந்திப்பில் தாக்குகிறது. உயிர் போகும் அவசரத்தில் நெகட்டிவ் ரத்தம் கிடைக்காதபோது நெகட்டிவ் ஆண் ஒருவருக்குப் பாசிட்டிவ் ரத்தம் ஏற்ற மருத்துவர் முடிவெடுக்கலாம் என்பதும், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு அதை இயன்றவரை தவிர்ப்பார்கள் என்பதும் இதன் விளைவு.

பெண்ணின் விஷயத்தில் ஏன் அவ்வளவு கவனம் என்றால், தாய் நெகட்டிவாகவும் கருவிலுள்ள குழந்தை பாசிட்டிவாகவும் இருக்கலாம். பிரசவத்தின்போதோ கருச்சிதைவின்போதோ குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலந்து, அவர் உடலில் டி-க்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகிவிடலாம். முதல் குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறந்துவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தை கருவில் வளரும்போது, அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். கடும் ரத்தசோகையும் மஞ்சள்காமாலையும் வரும், கருவிலேயே இறப்பும் நேரலாம். இதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கிறது. கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவத்திற்குப் பின் 72 மணி நேரத்திற்குள்ளும் இதைப் போடுகிறார்கள். எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பிறகு இந்த ஊசியால் பயனில்லை. கருச்சிதைவுக்குப் பிறகும் இது தேவைப்படும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் ஒரு கருச்சிதைவு மருத்துவமனைக்குத் தெரியாமலே கடந்துபோனால், அதன் விளைவை அடுத்த குழந்தை சுமக்கிறது. நெகட்டிவ் வகைப் பெண் ஒவ்வொருவரும் தம் வகையைத் தாமே அறிந்திருப்பது அத்தனை முக்கியம்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வகை இருந்தால் ஆகாது என்ற அச்சம் அநேகமாக இந்த உண்மையின் திரிந்த வடிவமாக இருக்கலாம். ஒரே வகையால் குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. கவனிக்க வேண்டியது மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்ற சேர்க்கை ஒன்றைத்தான். அதற்கும் தடுப்பு கையில் இருக்கிறது.

உறவும் ரத்த வகையும்

உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் வலுவாக இருப்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. பொது முன்னோரிடமிருந்து வந்த ஒரே குறையுள்ள மரபணு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் குழந்தையிடம் வந்து சேரக்கூடும் என்பதே காரணம். அந்த மரபணுக்களுக்கும் ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுவுக்கும் தொடர்பில்லை. மாப்பிள்ளை ஏ, பெண் பி என்று சோதித்துப் பார்த்து நிம்மதி அடைவது பொய்யான நிம்மதி. தாலசீமியா, அரிவாள் அணு ரத்தசோகை ஆகிய பரம்பரை ரத்த நோய்களின் மரபணுவைச் சுமப்பவரா என்று சொல்லும் தனிப் பரிசோதனைகள் உண்டு. திருமணத்திற்கு முன் ரத்தம் சோதிக்க விரும்புவோர் கேட்க வேண்டியவை அவைதாம்.

அடுத்து, பெற்றோர் வகையும் பிள்ளை வகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். நம் ஒவ்வொருவரிடமும் ரத்த வகை மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஏ வகைத் தந்தையிடம் ஓ பிரதி ஒன்று மறைந்திருக்கலாம். பி வகைத் தாயிடமும் அவ்வாறே. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஓ வகை குழந்தைக்கு வந்திருக்கிறதே என்று தாயைச் சந்தேகிப்பது பெரும் அநீதி.

உறவினர் ரத்தமே சிறந்தது என்ற நம்பிக்கைதான் இவற்றில் மிக ஆபத்தானது. பொருந்துமா என்பதைக் குறிகளே முடிவு செய்கின்றன, உறவு முடிவு செய்வதில்லை. அண்ணன் ரத்தம் தம்பிக்குச் சேராமல் போகலாம், முன்பின் அறியாத ஒருவருடையது சேரலாம். அதற்கும் மேலே ஒரு செய்தி இருக்கிறது. ரத்தப் பையில் சிவப்பணுக்களுடன் கொடையாளரின் வெள்ளையணுக்களும் சில செல்லும். அந்நியருடையவற்றைப் பெறுபவரின் உடல் எளிதில் அடையாளம் கண்டு அழித்துவிடும். நெருங்கிய ரத்த உறவினருடையவை பெறுபவரின் திசுக்களை மிகவும் ஒத்திருந்தால், உடல் அவற்றை அந்நியமாக உணராமல் விட்டுவிட, அவை பெருகிப் பெறுபவரின் உடலையே தாக்கத் தொடங்கலாம். இது மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அதனால்தான் உறவினர் ரத்தத்தை, அந்த வெள்ளையணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்பே ஏற்ற வேண்டும் என்பது முறை. தந்தையின் ரத்தத்தைப் பிள்ளைக்கே ஏற்றுமாறு வற்புறுத்தாமல், அவர் கொடுக்கும் ரத்தத்தை வங்கி வேறொருவருக்கு வைத்துக்கொள்ள, பிள்ளைக்கு வங்கியிலிருந்து பொருந்தும் பையைப் பெறுவதே நல்லது.

ரத்த வங்கிக்குள் நடப்பவை

நோயாளியின் வகையும் கொடையாளரின் வகையும் ஒன்று என்று தெரிந்த பிறகும் ரத்த வங்கி உடனே பையைக் கொடுப்பதில்லை. நோயாளியின் ரத்த நீரையும் அந்தப் பையிலிருந்து எடுத்த சிவப்பணுக்களையும் கலந்து பார்க்கிறார்கள். இதற்குக் குறுக்குப் பொருத்தச் சோதனை, அதாவது கிராஸ்மேட்ச் என்று பெயர். ஏ, பி, டி தவிரச் சிவப்பணுவின் மேல் இன்னும் நூற்றுக்கணக்கான ஆன்டிஜென்கள் இருக்கின்றன. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர், பலமுறை கருவுற்றவர், மாதந்தோறும் ரத்தம் பெறும் தாலசீமியாக் குழந்தை ஆகியோரின் உடலில் அவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். வெளியே காத்திருக்கும் குடும்பத்திற்கு வீண் தாமதமாகத் தோன்றும் அந்த நேரம் உயிர்காக்கும் நேரம்.

அரிதிலும் அரிதான ஒரு வகையையும் அந்தச் சோதனையே பிடிக்கிறது. 1952-இல் மும்பையில் மருத்துவர் பெண்டே குழுவினர் அறிவித்ததால் பாம்பே வகை என்று பெயர் பெற்ற இதில், அடிச்சங்கிலியான எச்-சே உருவாவதில்லை. ஏ-யும் பி-யும் இல்லாததால் மேலோட்டமான சோதனையில் இவர்கள் ஓ என்றே தெரிவார்கள். ஆனால் இவர்களிடம் எச்-சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதால் ஓ வகை ரத்தமும் இவர்களைக் கொல்லும். பாம்பே வகையினர் ரத்தம் மட்டுமே சேரும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர் என்று சொல்லப்படும் இது, உறவு மணம் மிகுந்த குடும்பங்களில் கூடுதலாகத் தோன்ற வாய்ப்புண்டு. ஒருவருக்கு இது கண்டறியப்பட்டால் உடன்பிறந்தோர் அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நால்வரில் ஒருவருக்கு அதே வகை இருக்கக்கூடும்.

இத்தனை சோதனைகளையும் மீறி மாற்று ரத்தம் ஏறிவிடும் நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆள் மாறுவதுதான். குழாயில் ஒட்டிய பெயரோ படுக்கையோ மாறிவிடுகிறது. வீட்டில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் வைத்திருப்போர் நம் ஊர்களில் ஏராளம். ரத்தம் ஏற்றுமுன் செவிலியர் பெயரையும் தந்தை பெயரையும் மீண்டும் மீண்டும் கேட்டால், சலித்துக்கொள்ளாமல் சீட்டில் உள்ளபடியே சொல்லுங்கள்.

உறுப்பு மாற்றிலும் அதே கேள்வி

சிறுநீரகத்தையோ கல்லீரலையோ மாற்றும்போது ரத்தத்தை மாற்றுவதில்லையே, பின் ரத்த வகை எதற்கு? ஏ, பி குறிகள் சிவப்பணுவில் மட்டுமின்றி ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் இருக்கின்றன. பி வகைச் சிறுநீரகத்தை ஏ வகையினருக்குப் பொருத்தி ரத்த ஓட்டத்தைத் திறந்தால், எதிர்ப்பொருள்கள் அந்தச் சுவரைத் தாக்கும். குழாய்கள் உறைந்து அடைபட்டு, சில நிமிடங்களிலோ மணிநேரங்களிலோ உறுப்பு இறந்துபோகும். ஆகவே சிவப்பணுவுக்குச் சொன்ன விதியே இங்கும் பொருந்தும்: ஓ வகையினர் எவருக்கும் கொடுக்கலாம், ஓ வகையினர் ஓ-விடம் மட்டுமே பெறலாம். டி புரதமோ சிவப்பணுவின் மேல் மட்டுமே இருப்பது, சிறுநீரகத்தில் இல்லை. எனவே பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு உறுப்பு மாற்றுக்குத் தடையாகாது. இதை அறியாமல், கொடுக்க முன்வந்த நெகட்டிவ் வகைத் தாயையோ சகோதரியையோ குடும்பமே விலக்கிவிடக் கூடாது.

உறுப்புக்குக் கூடுதலாக ஒன்று தேவை. ஏறக்குறைய எல்லா உயிரணுக்களின் மேலும் எச்எல்ஏ எனப்படும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் வருவதால், பெற்றோருடன் பாதி பொருந்துவது உறுதி. உடன்பிறந்த ஒருவருடன் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அறவே பொருந்தாமல் போகும் வாய்ப்பும் நான்கில் ஒன்று. ரத்தத்தில் துணை செய்யாத உறவு, இங்கே துணை செய்கிறது. எனினும் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் இன்று நன்கு வேலை செய்வதால், எச்எல்ஏ முழுதும் பொருந்தாத மனைவியின் சிறுநீரகம்கூடக் கணவருக்குப் பல ஆண்டுகள் உழைக்கிறது. அந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் பெறுபவரிடம் முன்பே இருந்தால் மட்டும் நிலைமை மாறிவிடும். கர்ப்பங்களும் முன்பு ஏற்றிய ரத்தமும் அதை உருவாக்கக்கூடும் என்பதால், டயாலிசிஸ் செய்துகொண்டு மாற்றுச் சிறுநீரகத்திற்குக் காத்திருப்பவருக்குத் தேவையின்றி ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கிறார்கள். கல்லீரல் இவ்விஷயத்தில் பொறுமையான உறுப்பு. அதற்குப் பெரும்பாலும் ரத்த வகை பொருந்தினால் போதும்.

சுருங்கச் சொன்னால், உறுப்புக்கு ஏ, பி குறிகள் முதல் தடை, எச்எல்ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரண்டாம் தடை. டி ஒரு தடையே இல்லை.

வகை பொருந்தாத குடும்பத்திற்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். பாலக்கோட்டில் ஏ வகை நோயாளி ஒருவருக்கு பி வகை மனைவி சிறுநீரகம் தர முன்வருகிறார். ஓசூரில் பி வகை நோயாளி ஒருவருக்கு ஏ வகை மனைவி முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு மனைவியரும் மாற்றிக் கொடுத்தால் இரு கணவர்களும் பிழைப்பார்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தம் இத்தகைய பரிமாற்றத்திற்கு இடம் தருகிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரையே சட்டம் நெருங்கிய உறவாகக் கொள்கிறது. மாமனோ மச்சானோ கொடுக்க விரும்பினால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பெறுபவரின் பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருளை வடித்தெடுத்துவிட்டு, பொருந்தாத வகைச் சிறுநீரகத்தையே பொருத்தும் முறையும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. செலவும் தொற்று அபாயமும் அதில் கூடுதல்.

எலும்பு மஜ்ஜை மாற்றில் இந்த வரிசையே தலைகீழாகிறது. அங்கே எச்எல்ஏ பொருத்தமே தலையாயது. ரத்த வகை வேறாக இருந்தாலும் செய்ய முடியும். மஜ்ஜைதான் ரத்தம் பிறக்கும் இடம் என்பதால், ஓ வகை அக்காளிடம் மஜ்ஜை பெற்ற ஏ வகைத் தம்பியின் சிவப்பணுக்கள் சில மாதங்களில் ஓ வகையாகவே மாறிவிடும்.

கண் தானத்தில் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழி. அதில் ரத்தக் குழாய்களே இல்லை. எதிர்ப்பொருள்கள் அங்கே எளிதில் சென்று சேர்வதில்லை என்பதால், கண் தானத்திற்குப் பொதுவாக ரத்த வகை பார்ப்பதில்லை. எந்த வகையினர் கண்ணும் எந்த வகையினருக்கும் உதவும். கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி ஆகியோரும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுக்க வேண்டும். கண் வங்கியினர் வீட்டிற்கே வருவார்கள். அதுவரை இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.